முதுவேனிலும் கடைமடைப் புள்ளும்: கீழவாஞ்சூர்ப் பகுதியை முன்வைத்துத் தொல்காப்பியப் பொழுதுக் கோட்பாடு

ஆய்வுச் சுருக்கம்

தொல்காப்பிய அகத்திணையியல் முல்லை, குறிஞ்சி, பாலை ஆகிய திணைகளுக்குப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் கூறுகிறது. மருதம், நெய்தல் ஆகிய இரண்டனுக்கும் சிறுபொழுது மட்டுமே கூறுகிறது. வேனில் பாலைக்கு உரியதாக வைக்கப்பட்டுள்ளது. எனினும், காவிரியின் கடைமடையில் முதுவேனிற் பருவம் வறட்சியின் முடிவையும் ஆற்றுநீரின் வருகையையும் ஒருங்கே கொண்டது. காரைக்கால் மாவட்டத்தின் தென்னெல்லையில் அமைந்த கீழவாஞ்சூர்ப் பகுதியில் அப்பருவத்தில் காணப்படும் புள்ளினங்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் சங்க இலக்கியக் குறிப்புகளோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. மருத, நெய்தல் நிலங்களுக்குப் பெரும்பொழுது வரையறுக்கப்படாமைக்கு நீர்வரத்தை ஒட்டிய விளக்கம் ஒன்று உண்டு என்பதையும், புள்ளின அடையாளங் காணலில் பருவத்தை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதையும் அது நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்

முதுவேனில், கடைமடை, கருப்பொருள், திணைமயக்கம், கணந்துள், வானம்பாடி, தூக்கணங்குரீஇ, தும்பி.

முன்னுரை

சங்க இலக்கியப் புள்ளினங்களை உயிரியல் நோக்கில் அடையாளங் காணும் முயற்சிகளுள் பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ (1976) முதன்மையானது. நிறம், அலகு, குரல், கூடு, இரை ஆகியவற்றைப் பாடல்களிலிருந்து திரட்டி இன்றைய பறவையினத்தோடு பொருத்திப் பார்ப்பது இத்துறையின் வழக்கமான நெறி. இந்நெறியோடு பறவை எப்பருவத்தில், எந்நிலையிலுள்ள நிலத்தில் காணப்படுகிறது என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்ளும்போது சில சிக்கல்கள் தெளிவடைகின்றன. அவ்வினாவை ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட பருவத்தில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் எல்லை.

ஆனி, ஆடி ஆகிய இரு திங்களையும் உரையாசிரியர்கள் முதுவேனில் என்பர். இது ஏறத்தாழ ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையிலான காலம்.

கீழவாஞ்சூரும் அதன் நீர்ப்பொழுதும்

கீழவாஞ்சூர் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சார்ந்தது. தெற்கே நாகூரை அடுத்துள்ளது. பிரெஞ்சு ஆட்சியின்கீழ் 1739 முதல் இருந்து, 1954இல் இந்தியாவுடன் இணைந்த காரைக்கால் பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். கடற்கரை மணல், உவர்நிலம், கழிமுகம், பனை வரிசை, நெல்வயல், தரிசு ஆகியவை இப்பகுதியில் மிகக் குறுகிய தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 2009 முதல் இயங்கிவரும் காரைக்கால் துறைமுகமும் இவ்வூர்க் கடற்கரையிலேயே உள்ளது. இலக்கண நூலார் பிரித்து வைத்த நெய்தலும் மருதமும் இங்கு ஒரு வரப்பின் இருபுறமாக நிற்கின்றன எனலாம்.

இக்கடற்கரை தன் மழையின் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்றால், ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலத்தில் பெறுகிறது. முதுவேனிலில் இங்குக் கிடைக்கும் மழை குறைவு. ஆயினும், அதே காலத்தில் மேற்குமலையில் தென்மேற்குப் பருவமழை பொழிகிறது. அந்நீர் காவிரி வழியே கீழ்நோக்கி வருகிறது. உள்ளூர் வானம் வறண்டிருக்க, நீர் ஆற்றின் வழியே வந்து சேர்வதே கடைமடை முதுவேனிலின் தனித்தன்மை.

பட்டினப்பாலை இதனைத் தன் தொடக்கத்திலேயே பதிவு செய்கிறது. வெள்ளி திசைமாறித் தெற்கே செல்லினும், துளியை உணவாகக் கொண்ட புள் வருந்துமாறு மழை பொய்ப்பினும், மலையிற் பிறந்து கடலிற் கலக்கும் காவிரி பொய்யாது என்பது அப்பகுதியின் கருத்து. பொதுவாக இது சோழநாட்டு வளம் பற்றிய புகழுரையாகவே வாசிக்கப்படுகிறது. கடற்கரையிலிருந்து நோக்குங்கால், உள்ளூர் மழைக்கும் ஆற்று நீருக்கும் இடையிலுள்ள காரணத் தொடர்பின்மையை அறிந்த கூற்றாகவும் இது அமைகிறது. அந்த அறிதலுக்குச் சான்றாகப் புலவர் ஒரு பறவையை முன்னிறுத்துகிறார் என்பது கருதத்தக்கது.

தளி உணவின் புள்: வானம்பாடியா, சுடலைக்குயிலா?

பட்டினப்பாலை கூறும் புள்ளை நச்சினார்க்கினியர் வானம்பாடி என்பர். மழைத்துளியை மட்டுமே உண்டு வாழும் பறவை என்னும் நம்பிக்கை வடமொழி மரபில் சாதகப் பறவையின்மேல் ஏற்றப்பட்டுள்ளது. அதனை இன்றைய பறவையியலார் சுடலைக்குயிலோடு பொருத்துவர். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இந்தியாவின் பல பகுதிகளுக்கு வந்துசேரும் பறவை அது. ஆகவே, தமிழ்ப் பாடலின் புள்ளும் சுடலைக்குயில்தானா என்னும் வினா எழுகிறது.

பாடல் அப்புள்ளுக்கு இரண்டு இயல்புகளைத் தருகிறது. ஒன்று, அது வானை நோக்கிப் பாடுவது. மற்றொன்று, துளியை உணவாகக் கொள்வது. முன்னது கண்ணாற் காணத்தக்க செயல், பின்னது நம்பிக்கை. சாம்பல் தலை வானம்பாடி முதலிய இனங்கள் தரிசு நிலத்தில் தரையோடு தரையாக வாழ்பவை. ஆண் பறவை மேலெழுந்து, பாடியவாறே காற்றில் இறங்கி மீண்டும் எழும். நீர் வருமுன் கீழவாஞ்சூர் போன்ற கடைமடைத் தரிசுகளில் இக்காட்சி இயல்பானது. சுடலைக்குயிலோ மரக்கிளையிலும் புதரிலும் ஒலிக்கும் பறவை. வானில் ஏறிப் பாடுவது அதன் சிறப்பியல்பன்று.

எனவே, காணத்தக்க செயலை அளவுகோலாகக் கொண்டால் நச்சினார்க்கினியர் உரையே பொருந்துகிறது. துளியுணவு என்னும் நம்பிக்கை இரு மொழி மரபுகளுக்கும் பொதுவாக இருந்து, தமிழில் வானம்பாடியைச் சார்ந்தது எனக் கொள்வதில் இடர்ப்பாடு இல்லை. வறண்ட வயலின் மேல் மழையில்லாத வானத்தை நோக்கி ஒரு பறவை இடைவிடாது பாடினால், அது மழையை இரக்கிறது என்று கருதுவது மக்கள் மனத்துக்கு இயல்பே.

தரிசில் ஒரு பாலைப் புள்

குறுந்தொகை 350ஆம் பாடலில் கணந்துள் என்னும் பறவை வருகிறது. நெடிய கால்களை உடையது. பாலை வழியில் ஆள் இருப்பதைத் தன் குரலால் அறிவித்து வழிச்செல்வோரை எச்சரிப்பது. ஆள் வரவைக் கூவி அறிவிக்கும் பறவைக்கு இன்றைய வழக்கிலுள்ள பெயரும் ஆட்காட்டியே. பெயர் மாறியும் பெயரிடுவதற்குக் காரணமான செயல் மாறவில்லை.

ஆட்காட்டியில் இப்பகுதிக்கு உரியன இரண்டு. சிவப்பு மூக்கு ஆட்காட்டி குளக்கரை, வாய்க்கால், ஈரவயல் ஆகியவற்றைச் சார்ந்தது. மஞ்சள் மூக்கு ஆட்காட்டி வறண்ட திறந்தவெளியைச் சார்ந்தது. மழைக்கு முந்திய கோடையில் வெறுந்தரையில் முட்டையிடுவது. குறுந்தொகைப் பாடலின் களம் பாலையாதலின், கணந்துள் என்பது மஞ்சள் மூக்கு ஆட்காட்டிக்கே மிகப் பொருந்தும். குரலும் காலும் இரண்டுக்கும் பொதுவாக இருக்க, நிலமும் பருவமும் ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்கின்றன. பருவத்தை அளவுகோலாகக் கொள்வதன் பயன் இங்குத் தெளிவாகிறது.

ஆனித் திங்களில் நீர் இன்னும் வந்துசேராத கடைமடைத் தரிசு, மஞ்சள் மூக்கு ஆட்காட்டிக்கு ஏற்ற இடம். நீர் பாய்ந்து வயல் உழப்பட்டதும் அது மேட்டுப் பரப்புகளுக்கு விலக, சிவப்பு மூக்கு ஆட்காட்டியும் கொக்கும் மடையானும் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் அவ்விடத்தில் இரைதேடுகின்றன. ஏரின் பின்னால் அணிவகுக்கும் கொக்குக் கூட்டம் வேளாண் மக்கள் நன்கறிந்த காட்சி. ஒரே வயல், ஒரே பருவத்துக்குள், பாலைப் புள்ளிலிருந்து மருதப் புள்ளுக்கு மாறிவிடுகிறது.

முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை கூறும். மருதம் பாலையாவது பற்றி அங்குக் கூற்றில்லை. கடைமடையில் அத்திரிபு ஆண்டுதோறும் நிகழ்ந்து, ஆண்டுதோறும் மீள்கிறது.

பனைமேற் கூடும் நெல்லின் தாளும்

குறுந்தொகை 374 நெடிய பனையில் தூக்கணங்குருவி தொடுத்த கூட்டை உவமையாக்குகிறது. அக்கூட்டின் பின்னல் சிக்கல் நிறைந்தது என்பது உவமையின் அடிப்படை. கூடு கட்டுவோன் ஆண் குருவி. நீண்ட புற்கீற்றுகளையும் நெல்லின் இலைக்கீற்றுகளையும் கிழித்துப் பின்னும். காய்ந்த புல் வளையாது. பசுந்தாளே பின்னலுக்கு உதவும். ஆகவே, இக்குருவியின் கூடுகட்டும் காலம் பசும்புல்லின் காலம். கடைமடையில் அது நீர்வரத்தின் காலம். மடை திறந்து நாற்று எழுந்த வயலோரப் பனையில் புதிய பச்சைக் கூடுகள் தொங்குவதும், நீர் பாயாத பகுதிப் பனையில் சென்ற ஆண்டின் பழுப்புக் கூடுகளே எஞ்சியிருப்பதும் இத்தொடர்பைக் காட்டுவன.

பனை நெய்தலின் மரமாகவும் நெல் மருதத்தின் உணவாகவும் கொள்ளப்படுவன. இவ்விரண்டையும் ஒரு கூட்டில் இணைக்கும் இப்பறவையை எத்திணைக் கருப்பொருள் எனத் துணிவது எளிதன்று.

கழிமுகத்தில் இதற்கு இணையான மற்றொரு நிகழ்வும் உண்டு. வடபுலத்தில் இனப்பெருக்கம் முடித்த உள்ளான் வகைகளுள் முந்தி வருவன ஆகஸ்ட் முற்பகுதியிலேயே இக்கடற்கரைக்கு வரத் தொடங்கும். தெற்கே உள்ள கோடியக்கரை, 1967இல் காப்பிடமாகவும் 2002இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்குப் பெருந்திரளாகச் சேரும் பறவைகளின் முன்னணியே இது. சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாடலும் பிசிராந்தையாரின் அன்னச்சேவற் பாடலும் (புறம். 67) வடக்கு நோக்கிச் செல்லும் பறவையை விளித்தவை. புலவர் பறவையைத் தூதாக அனுப்புவதற்கு அது போகும் காலமே ஏற்றது. முதுவேனில் இறுதியில் அவை திரும்பி வருவது அத்தூது மரபுக்கு அத்துணைப் பயன்படவில்லை.

ஒலியால் அமைந்த பெயர்கள்: வண்ணத்துப்பூச்சி எங்கே?

முதுவேனிற் கடற்கரையில் எருக்கும் ஆவிரையும் வறட்சியைத் தாங்கி நிற்பவை. எருக்கிலையை உண்டு வளர்வது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. ஆவிரையை ஒத்த தாவரங்களில் வெளிர்மஞ்சள் நிறப் பூச்சிகள் முட்டையிடுகின்றன. வீட்டுத் தோட்டத்தில் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் இயல்பாகக் காணப்படுவன.

எருக்கும் ஆவிரையும் சங்க இலக்கியத்துக்குப் புதியன அல்ல. மடலேறும் தலைவன் சூடும் பூக்கள் இவை. அப்பூக்களை இவ்வளவு நுணுகிக் கண்ட இலக்கியத்தில், அவற்றின்மேல் அமரும் வண்ணத்துப்பூச்சியைத் தனித்துச் சுட்டும் சொல் தெளிவாக இல்லை. வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி, தேன் என வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் முரலும் உயிர்களைக் குறித்தே ஆளப்பட்டுள்ளன. யாழிசைக்கு ஒப்பிடுதல், பூவின் கட்டவிழ்த்தல், தலைவியின் கூந்தலில் மொய்த்தல் ஆகிய மூன்று பயன்களுக்கும் ஒலியும் திரளும் தேவை. வண்ணத்துப்பூச்சி ஒலிப்பதில்லை. சங்கச் சொல்வளம் சிறு பறப்பனவற்றைக் கண்ணால் அன்றிச் செவியால் வகைப்படுத்தியது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. குறுந்தொகை 2ஆம் பாடலின் தும்பி தேன்தேடும் உயிராக இருக்க, இன்று பல வட்டாரங்களில் அச்சொல் தட்டானைக் குறிப்பதும் இப்பெயர்களின் நெகிழ்ச்சியைக் காட்டும்.

இவ்விடைவெளி அண்மைக்காலத்தில் நிரப்பப்பட்டு வருகிறது. தமிழ்நாடு அரசு 2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. நிறம், வரி, உணவுச்செடி ஆகியவற்றைக் கொண்டு அமைந்த புதிய தமிழ்ப் பெயர்கள் வழக்கில் வந்துள்ளன. செவிவழி அமைந்த ஒரு சொற்களத்தின் அருகே கண்வழி அமைந்த மற்றொன்று உருவாவது சொற்பொருளாய்வுக்கு உரிய நிகழ்காலச் சான்றாகும்.

பெரும்பொழுது கூறாமையின் காரணம்

மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடும் சிறுபொழுதாகக் கூறிய தொல்காப்பியர் பெரும்பொழுது கூறவில்லை. ஆறு பருவமும் இவற்றுக்கு உரியன என உரையாசிரியர்கள் கொண்டனர். அது கூறாமையை நிரப்பும் விளக்கம், காரணத்தை விளக்குவதன்று.

முல்லைக்குக் கார் உரியதாவது, அந்நிலம் தன்மேல் பெய்யும் மழையால் மாறுவதால். பாலைக்கு வேனில் உரியதாவது, மழையின்மையால் மாறுவதால். கடைமடை மருதமோ வேறோரிடத்து மழையால் மாறுகிறது. நெய்தல் கடலாலும் கழியாலும் நிலைபெறுகிறது. தன் வானத்தால் ஆளப்படாத நிலத்துக்கு அவ்வானத்தின் பருவம் ஒன்றை உரிமையாக்க இயலாது. முதுவேனிற் கீழவாஞ்சூர் காட்டும் விளக்கம் இதுவே.

எந்நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராவிடினும், வந்த நிலத்துக்கே பயன்படும் என்னும் அகத்திணையியல் விதியும் இங்கு நினைக்கத்தக்கது. கருப்பொருள்களுள் பூவையும் புள்ளையும் மட்டும் அவ்விதி தனித்தெடுக்கிறது. புள் இடம்பெயர்வது, பூ பொழுதை ஒட்டுவது.

கவிதை மரபைச் சூழலியல் கொண்டு விளக்குவது தகுமா என்னும் மறுப்பு எழலாம். திணை என்பது புலனெறி வழக்கு, நிலப்படம் அன்று. ஆயினும் நாடக வழக்கொடு உலகியல் வழக்கும் சேர்ந்ததே அப்புலனெறி. உலகியலைத் துணைக்கொள்வது மரபுக்குப் புறம்பாகாது. உலகியலே மரபுக்கு முழுக்காரணம் என்பதுதான் மிகை.

முடிவுரை

பட்டினப்பாலை பொய்யாது என்ற ஆறு இன்று மதகுகளால் ஆளப்படுகிறது. 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். 2022இல் மே 24இலும், 2024இல் ஜூலை 28இலும் திறக்கப்பட்டது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பும் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரே காரைக்காலின் பங்கு. ஆகவே, ஒரு முதுவேனில் பாலையாக நீள்வதா, மருதமாக மாறுவதா என்பது வானத்தையும் ஆற்றையும் கடந்து மனிதத் தீர்மானத்தையும் சார்ந்துவிட்டது. ஆட்காட்டி எத்தனை வாரம் தரிசில் நிற்கிறது, தூக்கணாங்குருவி எப்போது பச்சைக் கூடு பின்னுகிறது என்பன அத்தீர்மானத்தின் விளைவைக் காட்டும் நாட்காட்டிகள்.

கணந்துள், வானம்பாடி ஆகிய இரு பெயர்களிலும், பாடலில் உள்ள செயலையும் நிலத்தையும் பருவத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவது அடையாளத்தைத் துணிய உதவியது. அன்றில், மகன்றில், குருகு போன்ற பெயர்களுக்கும் இந்நெறியை விரிக்கலாம். அதற்கு ஊர்தோறும், திங்கள்தோறும் புள்ளும் பூச்சியும் வட்டாரப் பெயர்களோடு பதிவு செய்யப்பட வேண்டும். துறைமுகமும் உவர்நிலமும் வயலும் நெருங்கி நிற்கும் கீழவாஞ்சூர் போன்ற ஊர்களில், அப்பெயர்களைச் சொல்லும் தலைமுறை இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும். சங்கப் பாடல்களின் பல சொற்களுக்கு எஞ்சியிருக்கும் உயிருள்ள உரை அதுவே.