பகைவரும் நம்பிக்கையும்

ஓலை வேய்ந்த இரண்டு வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரு வீட்டாருக்கும் நெடுநாட்பகை. ஆயினும் ஒன்றிற் பற்றிய தீ மற்றொன்றை விட்டுவைக்காதென்பதை இருவரும் அறிவர். ஆதலால், வேறெதனைப் பற்றியும் பேசாத அவர்கள் தீயைப் பற்றியேனும் பேசிக்கொள்ளுதல் வேண்டும். 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் அணுவாயுதங்களை வெடித்துச் சோதித்த இந்தியாவும் பாக்கிஸ்தானும் இத்தகைய அயலாரே. இவ்விரு தேசங்களும் ஆபத்தைத் தவிர்க்கக் கைக்கொண்ட உபாயங்களை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதலாவது, தாக்காமை. ஒருவருடைய அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்னும் உடன்படிக்கை, 1988 டிசம்பர் 31ஆம் தேதி இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி, 1991இல் அமலுக்கு வந்தது. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1ஆம் தேதியன்று, இரு அரசாங்கங்களும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறி வந்துள்ளன. 1999இல் நிகழ்ந்த கார்கில் யுத்தமும் இவ்வழக்கத்தை நிறுத்தவில்லை.

இரண்டாவது, முன்னறிவித்தல். 1986-87இல் இந்தியா இராஜஸ்தானத்தில் நடத்திய ‘பிராஸ்டாக்ஸ்’ என்னும் பெரும் படைப்பயிற்சியைக் கண்ட பாக்கிஸ்தான், அதனைப் படையெடுப்பின் தொடக்கமோவென்று ஐயுற்றுத் தன் சேனைகளை எல்லைநோக்கி நகர்த்தியது. யுத்த அபாயமும் உண்டாயிற்று. இத்தகைய ஐயம் எழாதிருத்தற்பொருட்டு, படைப்பயிற்சிகளை முன்னதாகத் தெரிவிக்கும் உடன்படிக்கை 1991 ஏப்ரல் 6ஆம் தேதி செய்யப்பட்டது. பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளைக் குறைந்தது 3 நாட்களுக்கு முன் அறிவித்தல் வேண்டுமென்பது 2005ஆம் ஆண்டின் ஏற்பாடு.

மூன்றாவது, நேரே பேசுதல். இரு சேனைகளின் இராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கிடையே நேர்த் தொலைபேசித் தொடர்பு உண்டு. 2025 மே 7ஆம் தேதி மூண்ட மோதலின்போது, 10ஆம் தேதி பிற்பகல் இவ்விருவரும் பேசிய பின்னர், அன்று மாலையே தாக்குதல்களை நிறுத்துவதென முடிவாயிற்று.

இவ்வேலியிலும் சந்துகள் உள. 2022 மார்ச் 9ஆம் தேதி, இந்தியாவிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த ஏவுகணையொன்று பாக்கிஸ்தானில் மியான் சன்னு என்னுமிடத்தருகே வீழ்ந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. இந்திய அரசாங்கம் இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 11ஆம் தேதியன்றே. அது க்ரூஸ் வகை ஏவுகணை. 2005ஆம் ஆண்டின் ஏற்பாடோ அவ்வகையைத் தழுவியதன்று. அன்று எதிர்த்தரப்பார் பொறுமை இழந்திருப்பின் விளைவு யாதாகியிருக்கும்!

இவற்றால் நாம் அறிவது யாது? நம்பிக்கை என்பது நட்பன்று. நண்பருக்குப் பட்டியலும் முன்னறிவிப்பும் வேண்டுவதில்லை. பகைவருக்கே அவை வேண்டும். பகை முற்றிய நாளிற்றான் அவற்றின் பயன் மிகுதி. ஆதலின், பகைமையைக் காரணங்காட்டி இவ்வழக்கங்களைக் கைவிடுதல், மழை பெய்கின்றதென்று குடையை எறிந்துவிடுதல் போலாம். கோபமுற்ற வேளையிலும் தொலைபேசியை எடுத்துப் பேசத் துணிபவன் கோழையல்லன். கோடிக்கணக்கான உயிர்களுக்குக் காவலன் அவனே.