ஒரே மூச்சில் எட்டு மணியா, காலை மாலை என்று எட்டு மணியா?

டி. கல்லுப்பட்டியில் ஒரு ஜவுளிக் கடையிலோ பலசரக்குக் கடையிலோ வேலை கேட்டுப் போகிறீர்கள். காலை 9 மணிக்கு வந்து, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பிட்டு, மாலை 6 மணிக்குக் கிளம்பலாம் என்கிறார் முதலாளி. இல்லையென்றால் காலை 8 முதல் 12, மாலை 5 முதல் 9. எப்படியும் எட்டு மணி நேரம்தான், சம்பளமும் ஒன்றுதான் என்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடை ஊழியருக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டுகிறது. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். பலர் கவனிக்காத இன்னொரு வரம்பும் அதில் உண்டு: காலையில் வேலை தொடங்கியதிலிருந்து இரவு முடிக்கும் வரை, ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 8 முதல் 9 வரை 13 மணி. ஆகவே, காலையில் 9 மணிக்கு வருகிறேன், அல்லது இரவு 8 மணிக்கே விடுங்கள் என்று கேட்பது சலுகையல்ல, உரிமை. (2023-இல் எதிர்ப்பு கிளம்பித் திரும்பப் பெறப்பட்ட 12 மணி நேர வேலைச் சட்டத் திருத்தம், தொழிற்சாலைகளுக்கானது. அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

வீடு கடைவீதிக்குப் பக்கத்தில் என்றால் காலை மாலை வேலை தோதுப்படும். மதியம் சமைக்கலாம், பிள்ளையைப் பார்க்கலாம். பேரையூரிலிருந்தோ வன்னிவேலம்பட்டியிலிருந்தோ வருகிறவர் அதை ஏற்கவே வேண்டாம் என்பேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் நாளுக்கு இரண்டு தடவை வந்து போகும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

கூடுதல் நேரம் பார்த்தால் இரட்டைச் சம்பளம். அதுவும் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்குள்தான்.

அரை நாள் வேலை என்றால் சேரும்போதே பேசிவிடுங்கள். முழு நாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டு, சரக்கு வரவில்லை என்று மதியமே அனுப்பினால், நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி உள்ள வேலையில் அன்றைய முழுக் கூலியும் உங்களுடையது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. நீங்களாகக் கிளம்பினால் இது பொருந்தாது.

ஓட்டல்களுக்கு 1958-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். இந்த மணிக்கணக்கை அங்கே அப்படியே வைத்துப் பேச வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் வந்த நேரம், போன நேரம், வாங்கிய பணம் மூன்றையும் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். கூலி பாக்கிக்கு மூன்று ஆண்டுகள் வரை மனுக் கொடுக்கலாம்.