கூடாரத்தில் உறங்கும் குழந்தையும் மலைக் குளிரும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் பேராக் மாநிலத்துக் குடும்பங்கள் பல கேமரன் மலைக்குப் புறப்பட்டுவிடுகின்றன. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவியைக் கண்டு மகிழ்ந்து செல்வோரும் உளர். சிம்பாங் பூலாய் வழியாகச் செல்வோரும் உளர். விடுதி வாடகை கட்டுப்படியாகாத குடும்பத்துக்குக் கூடாரம் நல்லதொரு துணை. மலையையும் மரத்தையும் மூடுபனியையும் பிள்ளைகள் நேரில் கண்டு கற்க அது வாய்ப்பளிக்கின்றது. ஆகவே, ‘போகாதீர்கள்’ என்று சொல்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. தோட்டத்து வெப்பத்திலே பிறந்து வளர்ந்த நாம், சிறு பிள்ளைகளைக் குளிரில் உறங்கவைக்கும் முறையை அறிந்து செல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதப்படுகின்றது.

மலை ஏன் குளிர்கின்றது?

“ஐயா, மலை சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கே சூடு அதிகமாக இருக்க வேண்டாமா?” என்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருமுறை வினவினான். நல்ல வினா. சூரியனின் தொலைவை நோக்க, மலையின் உயரம் ஒரு பொருட்டன்று. சூரிய ஒளி முதலில் நிலத்தைச் சூடாக்குகின்றது. நிலம் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகின்றது. அக்காற்று மேலே எழும்போது, அங்கே அழுத்தம் குறைவாதலால் விரிகின்றது. விரியும் காற்று குளிர்கின்றது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு.

ஈப்போ சமவெளியில் உள்ள நகரம். தானா ராத்தாவோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே, ஈப்போவில் 24 பாகையாக இருக்கும் இரவில் அங்கே 15 பாகை அளவே இருக்கும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று கேமரன் மலையில் 7.8 பாகை வரை வெப்பநிலை இறங்கியதாகப் பதிவாகியுள்ளது. பனி பெய்யும் நாட்டினர்க்கு 15 பாகை பெரிய குளிரன்று. அவர்களிடம் அதற்கேற்ற உடையும் பழக்கமும் உண்டு. கைலியும் போர்வையும் மட்டும் எடுத்துச் செல்லும் நமக்கு அது கடுங்குளிரே.

சிறு பிள்ளைக்கு ஏன் மிகுதியாகக் குளிர்கின்றது?

ஒரு பெரிய பானையிலும் ஒரு சிறு குவளையிலும் சுடுநீர் ஊற்றி வைத்தால், முதலில் ஆறுவது குவளை நீரே. நீரின் அளவை நோக்க, அதன் வெளிப்பரப்பு மிகுதி என்பதே காரணம். பிள்ளையின் உடலும் அத்தகையதே. எடை குறைவு, எடையை நோக்கத் தோலின் பரப்பு அதிகம். உடல் உண்டாக்கும் வெப்பம் விரைந்து வெளியேறிவிடுகின்றது.

மேலும், நமக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்குகின்றது. அந்நடுக்கம் தசைகளை இயக்கி வெப்பத்தை உண்டாக்கும். பச்சிளங் குழந்தையால் நம்மைப்போல் நடுங்கி வெப்பம் பெற இயலாது. அதன் கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு இடையிலும் இயற்கை அமைத்துள்ள பழுப்பு நிறக் கொழுப்பே எரிந்து வெப்பம் தருகின்றது. அச்சேமிப்பும் அளவுடையதே. ‘எனக்குக் குளிர்கிறது’ என்று சொல்லவோ, நழுவிய போர்வையை இழுத்துக்கொள்ளவோ அதற்குத் தெரியாது. எனவே, அறிந்து செய்ய வேண்டியவர்கள் நாமே.

யான் செய்த பிழை

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தேறி வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வெப்பம் பரவும் முறைகளைக் கரும்பலகையில் படம் வரைந்து கற்பித்துக்கொண்டிருந்தவன் யான். அவ்விடுமுறையில் என் தாயார், மனைவி, இரண்டு வயது மகள் ஆகியோருடன் கேமரன் மலையில் கூடாரம் அமைத்துத் தங்கினேன். தரையில் ஒரு பிளாஸ்டிக் பாயை விரித்து, அதன்மேல் மகளைக் கிடத்தி, இரண்டு கம்பளிகளைப் போர்த்திவிட்டேன். இனிக் குறையில்லை என்று எண்ணினேன்.

நள்ளிரவு கடந்தபின் பிள்ளை வீறிட்டு அழுதது. மார்பு இளஞ்சூடாக இருந்தது. முதுகோ சில்லென்று இருந்தது. மூன்றாவது கம்பளியைப் போர்த்தினேன், அழுகை ஓயவில்லை. அப்போதுதான் யான் பெரும்பிழை செய்தேன். இரவு சமைத்த அடுப்பிலிருந்து கரிக் கங்குகளை ஒரு சட்டியில் அள்ளிக் கூடாரத்தினுள் வைத்துக் கதவை மூடினேன். சற்று நேரத்தில் இதமான சூடு பரவியது. என் தலை வலிக்கத் தொடங்கியது. மனைவிக்கும் தலை சுற்றியது. அதைக் களைப்பென்றே கருதினேன்.

கண்விழித்த என் தாயார் ஒரு சொல்லும் பேசாமல் கூடாரத்தின் கதவைத் திறந்தார்; கங்குச் சட்டியைத் துணியால் பிடித்து வெளியே கொண்டுபோய் வைத்தார். எங்களையும் வெளிக்காற்றில் நிற்க வைத்தார். கதவடைத்துக் கரி மூட்டிய லயத்து வீட்டில் மயங்கிக் கிடந்தவர்களைத் தம் இளமையில் கண்டவர் அவர். பிறகு, பிள்ளையின் அடியில் கையை வைத்துப் பார்த்து, “மேல போத்துனா போதுமாடா? கீழ யாரு போத்துறது?” என்றார்.

வண்டியிலிருந்த இரண்டு கோணிச் சாக்குகள், பழைய நாளிதழ்கள், எங்கள் மாற்றுடைகள் ஆகிய அனைத்தையும் பாயின்கீழ் அடுக்கினார். பிள்ளையின் வேர்வை படிந்த சட்டையை மாற்றினார். ஒரு கம்பளியை மடித்துக் கீழே விரித்து, மற்றொன்றை மேலே போர்த்தினார். பிள்ளை விடியும்வரை அயர்ந்து உறங்கியது.

என் தாயார் பள்ளிக்கூடம் கண்டவரல்லர், பால்மரம் வெட்டியவர். விடியும்முன் பெரட்டுக்குச் செல்லும் வழியில் என்னைப் பழஞ்சேலையில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார். அக்கொட்டகையின் சிமெண்டுத் தரையில் முதலில் சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் சேலை என விரித்தே பிள்ளைகளைக் கிடத்துவர். யான் கரும்பலகையில் எழுதியதை அவர்கள் தரையில் செய்து காட்டியிருந்தனர்.

வெப்பம் வெளியேறும் வழிகள்

ஒன்று, கடத்தல்: குளிர்ந்த தரை, தொடும் உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்கின்றது. கீழே அழுந்திய துணியில் காற்று தங்காது. ஆதலால் மேலே எத்தனை போர்த்தினும் கீழ்க்குளிர் நீங்காது. இரண்டு, காற்றோட்டம்: வீசும் காற்று உடலைச் சூழ்ந்த வெதுவெதுப்பை அடித்துச் செல்கின்றது. மூன்று, கதிர்வீச்சு: உடல் தன் வெப்பத்தைச் சூழலுக்கு வீசிக்கொண்டேயிருக்கின்றது. நான்கு, ஆவியாதல்: வேர்வையும் ஈரமும் காயும்போது வெப்பத்தையும் கொண்டுசெல்கின்றன. அசையாத காற்றைக் காட்டிலும் நீர் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஈரச்சட்டை ஆகாது என்பது இதனாலேயே.

செய்யத்தக்கவை

1. உரிமம் பெற்ற பாதுகாப்பான தளத்தையே தேர்ந்தெடுங்கள். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் கூடாரத் தளத்தின்மேல் பின்னிரவில் மண் சரிந்து 31 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். செங்குத்தான சரிவின் அடியிலும், ‘கெப்பாலா ஆயிர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு வரும் ஆற்றோரத்திலும் கூடாரம் வேண்டா. பள்ளத்தில் குளிர்காற்று வந்து தேங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

2. போர்வைக்கு முன் விரிப்பைக் கவனியுங்கள். நுரைப்பாய் சிறந்தது. அஃது இல்லையேல் உலர்ந்த சாக்கு, அட்டை, நாளிதழ், மடித்த கம்பளி ஆகியவற்றை அடுக்கலாம். காற்றடைத்த மெத்தை மட்டும் போதாது. அதனுள் காற்று அசைந்து குளிரும். அதன்மேலும் ஒரு கம்பளி வேண்டும்.

3. பகலில் அணிந்த உடையோடு உறங்கவைக்காதீர்கள். படுக்கும்முன் உலர்ந்த உடையும் காலுறையும் அணிவியுங்கள். தடித்த உடை ஒன்றைவிட மெல்லிய உடை இரண்டு மூன்று மேல். அவற்றின் இடையே தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கின்றது. பருத்தி உடலுக்கு இதமானது. ஆனால் நனைந்தால் எளிதில் காயாது. மேலுடை கம்பளியாயின் நன்று.

4. படுக்கும்முன் வயிறார உணவும் இளஞ்சூடான பாலும் கொடுங்கள். உண்ட உணவே உடலின் விறகு. சிறுநீர் கழிக்கச் செய்து படுக்கவையுங்கள்; ஈர அணையாடையை உடனே மாற்றுங்கள்.

5. கூடாரத்தின் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். நாம் விடும் மூச்சிலுள்ள நீராவி கூடாரத்தின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து படுக்கையை நனைத்துவிடும்.

6. குளிரை அறியப் பிள்ளையின் கையைத் தொடாதீர்கள். கை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் போதும். வேர்த்திருந்தால் ஓர் உடையைக் கழற்றுங்கள். மிகுவெப்பமும் தீங்கே.

செய்யத்தகாதவை

கரியடுப்பு, வாயு அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, சாம்பிராணித் தூபம், கொசுவத்திச் சுருள் ஆகிய எதனையும் கூடாரத்தினுள் வைத்தல் கூடாது. தீப்பற்றும் அச்சம் ஒருபுறமிருக்க, எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உயிர்வாயு ஏறவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பின்னர் மயக்கம். உறங்குவோர் எழாமலே போய்விடுவர். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இளைஞர் இருவர் மாண்டனர். அன்றிரவு என் தாயார் விழித்திராவிடில் எங்கள் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணும்போது இன்றும் என் உள்ளம் நடுங்குகின்றது.

சுடுநீர்ப் புட்டியால் படுக்கையை முன்கூட்டிச் சூடாக்கலாம். பிள்ளையைக் கிடத்தும்முன் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மென்மையான தோல் வெந்துவிடும்.

ஓராண்டு நிறையாத குழந்தை

இத்தகைய குழந்தையைக் குளிர்மலைக் கூடாரத்தில் இரவு தங்கவைக்காதிருத்தலே நன்று. தவிர்க்க இயலாதாயின், உறுதியான தனி விரிப்பில் மல்லாக்கக் கிடத்துங்கள். தலையணையும் தளர்ந்த போர்வையும் வேண்டா. அவை முகத்தை மூடி மூச்சைத் தடுக்கும். கையும் உடலும் பொருந்த அணியும் உறக்க அங்கியே ஏற்றது. பெரியவர்களின் கம்பளிக்குள் நடுவில் கிடத்துவதும் ஆபத்தானது.

குழந்தையின் மார்பு குளிர்ந்து, அது பால் குடிக்க மறுத்து, அழக்கூடத் தெம்பின்றிச் சோர்ந்து கிடந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்குதல் உயிருக்கே கேடு. ஈர உடையைக் களைந்து, தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துப் போர்த்தி, தானா ராத்தாவிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். 999 என்னும் எண்ணையும் அழைக்கலாம்.

மாணவர்கள் செய்து பார்க்க

ஒரே அளவுள்ள இரண்டு மைலோ டின்களில் ஒரே அளவு வெதுவெதுப்பான நீரைப் பெரியவர்கள் துணையுடன் ஊற்றி மூடுங்கள். ஒன்றைச் சிமெண்டுத் தரையிலும், மற்றொன்றை நான்காக மடித்த சாக்கின்மேலும் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்து, ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இவ்வினாக்களுக்கு விடை காணுங்கள்:

அ. எந்த நீர் விரைவில் ஆறியது? ஏன்?
ஆ. சாக்கை நனைத்து வைத்தால் என்ன ஆகும்?
இ. உங்கள் பாட்டி, தாத்தா காலத்தில் பிள்ளைகளை எவற்றின்மேல் உறங்கவைத்தனர்? கேட்டு எழுதுக.

மூன்றாம் வினாவை மறவாதீர்கள். நம் பெரியவர்கள் ஏட்டில் எழுதாமல் விட்டுச்சென்ற அறிவு மிகுதி. அதனைப் பள்ளியிற் கற்கும் அறிவியலோடு ஒப்புநோக்கி, நல்லதைக் கொண்டு, தீயதை விலக்குதல் உங்கள் கடமை. மலைக்குச் செல்லுங்கள்; மகிழ்ந்து வாருங்கள். பிள்ளைக்கு மேலே போர்த்துமுன் கீழே விரியுங்கள்; தீயைக் கூடாரத்திற்கு வெளியே விடுங்கள்.