வளைவும் வழுக்கலும்



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை வளைவுகள் மலிந்தது. மழை பெய்த வேளையில் இத்தகைய சாலைகளில் விரைந்து திரும்பும் கார், ஓட்டுநரின் பிடிக்கு அடங்காமல் சறுக்கிவிடுவதுண்டு. இதன் காரணத்தை நாம் அறிந்துகொள்வோம்.

ஓடும் பொருள், வேறொரு விசை தாக்கும்வரை நேர்கோட்டிலேயே ஓடும் என்பது 1687ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட விதி. ஆகவே, வளைவிலும் கார் நேரே செல்லவே முற்படுகிறது. அதனைத் திருப்புவது டயருக்கும் சாலைக்கும் இடையே எழும் உராய்வு விசையே. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவுதான்!

மழைநீர் அவ்வுராய்வைக் குறைக்கிறது. வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கலை மிகுவிக்கின்றன. செம்பனைத் தோட்டங்களிலிருந்து லாரிச் சக்கரங்கள் கொணரும் செம்மண் சேறும் அத்தகையதே. டயரின் வரிப்பள்ளங்கள் தேய்ந்திருப்பின் நீர் வெளியேற வழியில்லை.

வேகத்தின் கணக்கையும் நோக்குவோம். ஒரு வளைவை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதைவிட, 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 4 மடங்கு விசை தேவை. வேகம் இரட்டித்தால் தேவை நான்மடங்காகும். ஈரச்சாலை அதனைத் தர இயலாதபோது கார் சறுக்குகிறது.

ஆதலால், வளைவை அடையுமுன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். வளைவின் நடுவே பிரேக்கைத் திடீரென அழுத்துதல் தீது. முன்சக்கரங்கள் சறுக்கினால், ஸ்டியரிங்கை மேலும் திருப்பாமல் வேகமிதியினின்று காலை மெல்ல எடுத்தல் வேண்டும். பின்புறம் வலப்பக்கம் சறுக்கினால், ஸ்டியரிங்கையும் வலப்பக்கமே அளவாகத் திருப்புதல் வேண்டும்.

கார் ஓட்டும் வயது நமக்கு இல்லையே என்று எண்ணாதீர்கள். சறுக்கும் கார் பெரும்பாலும் வளைவின் வெளி ஓரத்தை நோக்கியே பாயும். மழைநாளில் அவ்விடத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்றல் ஆகாது. சாலை நேராக உள்ள இடத்தில், ஓரத்தை விட்டு விலகி நில்லுங்கள். மிதிவண்டிக்கும் இவ்விதியே பொருந்தும்; ஈர வளைவில் விரையாதீர்கள். இதனை இல்லத்தில் பெற்றோருக்கும் எடுத்துரையுங்கள். சில நொடித் தாமதத்தால் இழப்பு ஏதுமில்லை. உயிரோ மீளக் கிடைப்பதன்று.