மண்ணுக்கும் ஞாபகம் உண்டு

"எங்கள் காலத்தில் இந்த மலை சரிந்ததே இல்லை" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒருவருடைய ஞாபகம் எழுபது, எண்பது வருடங்களுக்குத்தான் போகும். மண்ணின் ஞாபகம் ஆயிரக்கணக்கான வருடங்களுக்குப் போகும். கந்தப்பளையில் உங்கள் லயத்துக்குத் திரும்பு முன் அதையும் கேட்டுப் பாருங்கள்.

கடற்கரை தந்த பாடம்

2004 டிசம்பர் 26 வரை சுனாமி என்ற சொல்லையே நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. பிறகு ஆய்வாளர்கள் அம்பாந்தோட்டையிலுள்ள கரகன் களப்பின் அடியில் குழாய் இறக்கிச் சேற்றை எடுத்துப் பார்த்தார்கள். சேற்றுக்கு நடுவே கடல் மணல் படை படையாக இருந்தது. கடந்த சுமார் 7000 வருடங்களில் பல தடவை சுனாமி வந்து போனதற்கு அதுவே சாட்சி. யாரும் எழுதி வைக்காத கடலடி நிலநடுக்கங்களின் கணக்கை மண் வைத்திருந்தது.

நம் மலையில்

இலங்கை நிலத்தட்டின் எல்லையில் இல்லாததால் பெரிய நிலநடுக்கம் இங்கே அரிது. 2020 இல் கண்டி, திகண பகுதியில் உணரப்பட்டவை சிறிய அதிர்வுகள். மலைநாட்டில் நமக்குப் பெரிய ஆபத்து மழையோடு வரும் மண்சரிவுதான். அதுவும் மண்ணில் தடம் விட்டுத்தான் போகும்.

வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவரைப் பாருங்கள். சிறிதும் பெரிதுமான கற்கள் ஒழுங்கில்லாமல் மண்ணோடு கலந்து கிடந்தால், அது மேலிருந்து சரிந்து வந்த பழைய மண்ணாக இருக்கலாம். அதன் அடியில் கறுப்பு மேல்மண் புதைந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஒரு தடவை சரிந்த இடம் மறுபடியும் சரியக்கூடும்.

புதிய அடையாளங்கள்

• நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு
• கதவு, ஜன்னல் திடீரென இறுகுதல்
• மரங்களும் கம்பங்களும் சாய்தல்
• பீலித் தண்ணீர் கலங்குதல், நின்றுபோதல், புதிய ஊற்று கிளம்புதல்

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கே தங்க வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆகவே பரிசோதனையின் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆபத்து என்றால் மாற்றுக் காணி கேட்க அந்தக் கடிதம் உதவும்.

24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், உடனே வெளியேற வேண்டும். அவசரத்துக்கு 117 ஐ அழையுங்கள். சாமான்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.