மாமரத்தில் ஆண் மரம் கிடையாது

கொல்லையில் நிற்கும் மாமரம் வருஷக்கணக்கில் காய்க்காவிட்டால், ‘அது ஆண் மரம், வெட்டிப் போடுங்கள்’ என்று சொல்ல யாராவது வந்துவிடுகிறார்கள். பனையிலும் பப்பாளியிலும் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி என்பது மெய்தான். அந்த அனுபவத்தைத்தான் மாவுக்கும் பொருத்திவிட்டோம். மாவில் அந்தப் பிரிவே இல்லை. தை மாதத்தில் ஒரு பூங்கொத்தைப் பறித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சில பூக்களின் நடுவே கடுகைவிடச் சிறிதாக இளமஞ்சள் உருண்டை ஒன்று இருக்கும். பக்கத்திலேயே தலை சிவந்த ஒற்றைக் கேசரம். அந்த உருண்டைதான் வடுவாகிறது. உருண்டை இல்லாதவை ஆண் பூக்கள். இரண்டு வகையும் ஒரே கொத்தில்தான் பூக்கின்றன.

பூத்துக் குலுங்கியும் காய் நிற்கவில்லையே என்று கேட்கலாம். ஆயிரம் பூக்கள் உள்ள கொத்தில் ஒன்றிரண்டு பழம் தேறுவதே இயல்பு. அதுவும் இல்லையென்றால் இலையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்துக் கருத்திருந்தால் தத்துப்பூச்சி பூவின் சாற்றை உறிஞ்சியிருக்கிறது. கொத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மொட்டுப் பருவத்திலேயே தெளிக்க வேண்டும். பூ விரிந்தபின் பூச்சிமருந்து அடித்தால் மகரந்தம் சுமக்கும் ஈக்களும் செத்துவிடும்.

பூக்கவே பூக்காத மரத்தின் கதை வேறு. கொட்டை முளைத்த கன்று காய்க்க ஆறு முதல் பத்து வருஷம் ஆகலாம். ஒட்டுக்கன்று நான்காம் வருஷம் காய்க்கும். ஆனால் ஒட்டுக்குக் கீழே கிளம்பிய தளிரைக் கிள்ளாமல் விட்டால் அதுவே மரமாகிவிடும், ஒட்டு செத்துப்போகும். இன்னொரு காரணம், அக்கறையோடு நாம் செய்யும் கெடுதல்: குளியலறைத் தண்ணீர் வருஷம் முழுவதும் வேரில் பாய்வது. முற்றிய கிளையின் நுனியில், குளிரோ வறட்சியோ கண்ட பிறகுதான் மா பூக்கும். ஈரமும் உரமும் ஓயாமல் கிடைத்தால் அது கொழுந்து விட்டுக்கொண்டே இருக்கும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் விடுவதே சரி.

‘காய்க்காத மரத்தில் ஆணி அடித்தேன், மறுவருஷமே காய்த்தது’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அல்போன்சா போன்ற ரகங்கள் ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் ஓயும். ஓய்ந்த வருஷத்தில்தானே ஆணி அடிக்கத் தோன்றும்? அடுத்த வருஷம் எப்படியும் காய்க்க வேண்டியதுதான். பட்டையை வளையமாகச் சீவினால் இலையில் உண்டாகும் சர்க்கரை வேருக்கு இறங்காமல் மேலேயே தங்கிப் பூக்கத் தூண்டும் என்பது உண்மை. ஓர் ஆணி அதைச் செய்யாது. புண்ணாக்கி நோய்க்கு வழிதான் திறக்கும்.

கொட்டைக்கன்றின் பழம் பிடிக்காவிட்டாலும் கோடரி வேண்டாம். கிளைகளை மட்டும் வெட்டி, வரும் தளிர்களில் நீலமோ பங்கனபள்ளியோ ஒட்டுக் கட்டலாம். வேர் பழையது, பழம் புதியது.