தண்ணீருக்குத் தக்க வீட்டுத் தோட்டம்

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்தில் பச்சைமலையை அடுத்துள்ள பூலாம்பாடி பகுதியில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் முதலியன முக்கியப் பயிர்கள். நிலம் வைத்திருந்தும் கீரைக்கும் காய்க்கும் சந்தையை நம்பியிருக்கும் குடும்பங்கள் இங்கு பல. வீட்டைச் சுற்றிக் காலியாகக் கிடக்கும் இடத்தில் காய்கறி, பழம், பூச்செடிகளை வளர்த்தால் சந்தைச் செலவு குறையும்.

ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 300 கிராம் காய்கறி தேவை. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒன்றரை கிலோ வேண்டும். இதற்கு 5 சென்ட் தோட்டம் போதும் என்று பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் ஆடியில் ஆர்வத்துடன் தொடங்கும் தோட்டம் பல வீடுகளில் பங்குனியில் காய்ந்துவிடுகிறது. இருக்கும் தண்ணீரைக் கணக்கிடாமல் செடிகளைத் தேர்ந்தெடுப்பதே இதற்குக் காரணம்.

தண்ணீர்க் கணக்கு

கோடையில் காய்கறிப் பயிருக்கு நாள்தோறும் 5 முதல் 6 மில்லி மீட்டர் நீர் தேவை. ஒரு சதுர மீட்டருக்கு இது 5 முதல் 6 லிட்டர் ஆகும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டருக்கும் குறையாமல் வேண்டும். ஐந்து சென்ட்டுக்கு 1,000 லிட்டர். கிணறு வற்றும் சித்திரையில் இது எளிதல்ல.

எனவே மழைக்காலத்துக்கு ஒரு திட்டமும், கோடைக்கு ஒரு திட்டமும் வகுத்துக்கொள்வது நல்லது. ஆடி முதல் தை வரை முழு இடத்திலும் பயிர் செய்யலாம். மாசிக்குப் பின் 100 சதுர அடியில் மட்டும் கீரை வைத்துக்கொண்டு, மற்ற இடத்தை மரங்களுக்கு விட்டுவிடலாம். நூறு சதுர அடிக்கு 15 லிட்டர் குடத்தால் மூன்று முதல் நான்கு குடம் நீர் போதும்.

நிலைப் பயிர்கள்

முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை, பப்பாளி ஆகியவற்றைத் தோட்டத்தின் வடபுறத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் காய்கறிப் பாத்திகளில் நிழல் விழாது.

பெரியகுளத்திலிருந்து 1989-ல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை இப்பகுதிக்கு ஏற்றது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் மக்கிய தொழு உரமும் மேல் மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதை ஊன்ற வேண்டும். செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு மரங்கள் போதும். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்துக் காய்க்கும்.

பப்பாளியில் கோ 7 ரகம் வீட்டுத் தோட்டத்துக்கு உகந்தது. இதில் காய்க்காத ஆண் மரங்கள் வருவதில்லை. கரிசல் மண்ணில் ஐப்பசி மழையின்போது நீர் தேங்கினால் பப்பாளியின் தண்டு அழுகிவிடும். ஆகவே ஓர் அடி உயரத்துக்கு மண்ணை மேடாக அணைத்து, அதன் மேல் நடுவது அவசியம்.

பருவக் காய்கள்

ஆடிப் பட்டத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை விதைக்கலாம். பந்தலில் அவரை, புடல், பீர்க்கு ஏற்றலாம். நீர் குறைவான வீடுகள் கொத்தவரைக்கு முதலிடம் தரலாம். இது வறட்சியை ஓரளவு தாங்கும்.

கீரையில் கோ 3 ரகம் கிள்ளி எடுக்க ஏற்றது. விதைத்த 20 நாட்களில் முதல் முறை கிள்ளலாம். பிறகு வாரம் ஒரு முறை, ஏறத்தாழ பத்து முறை கிள்ளலாம். விதை மிகச் சிறியது. எனவே மணலுடன் கலந்து தூவ வேண்டும். கீரைக்கான இடத்தை மூன்று பாத்திகளாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். பாத்தியில் சருகு அல்லது வைக்கோல் பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

கழிவு நீர்

குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் வீணாக்கக் கூடாது. இந்நீரை ஜல்லியும் மணலும் நிரப்பிய சிறு வாய்க்கால் வழியாக விட்டு, அதன் கரையில் கல்வாழை நட வேண்டும். கல்வாழை அழகுக்கு அழகு. அழுக்கு நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். வாய்க்காலின் முடிவில் வாழை இரண்டு அல்லது மூன்று வைக்கலாம். சோப்பு நீரைக் கீரைக்கும், பச்சையாக உண்ணும் காய்க்கும் விடக் கூடாது. அரிசி, காய்கறி கழுவிய நீரைக் கீரைக்கு ஊற்றலாம்.

பூச்செடிகள்

வாசல் பக்கம் குண்டுமல்லி நான்கு செடிகள் வைத்தால் வீட்டுக்குப் பூ வாங்க வேண்டியதில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்து, செடிக்குக் கூடை தொழு உரம் இட வேண்டும். பங்குனி முதல் பூ மிகும். கத்தரிப் பாத்தியின் ஓரங்களில் செண்டுமல்லி நட்டால் வேரைத் தாக்கும் நூற்புழுக்கள் குறையும்.

அரளியும் மஞ்சள் அரளியும் நீரின்றி வளர்ந்து பூக்கும் என்பதால் பலர் விரும்புகின்றனர். ஆனால் இவற்றின் இலை, பூ, காய், விதை அனைத்தும் நஞ்சு. சிறு குழந்தைகளும் ஆடு மாடுகளும் உள்ள வீட்டில் இவை வேண்டாம். ஜெயங்கொண்டம் பகுதியில் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், நமது மாநில மலர். பார்வைக்கு அழகான இதன் கிழங்கு உயிருக்கு ஆபத்தானது. உண்ணும் கிழங்கு என்று தவறாகக் கருதிச் சமைத்து உண்டவர்கள் இறந்ததுண்டு. சேம்பு, வள்ளிக்கிழங்கு உள்ள தோட்டத்தில் இதை ஒருபோதும் நடக் கூடாது. யாராவது தவறி உண்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உண்ட செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டு செல்வது மருத்துவருக்கு உதவும்.

பயிர்ப் பாதுகாப்பு

பருத்திக்குக் கலக்கி மீதமான பூச்சி மருந்தைக் கொல்லைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் அடிப்பது பெருந்தவறு. இம்மருந்துகளில் பல செடிக்குள் ஊடுருவித் தங்குபவை. காயைக் கழுவினாலும் நஞ்சு போகாது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை விதிக்கப்பட்டது. மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்த கைத்தெளிப்பானையும் தோட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அதில் ஒட்டியுள்ள சிறிதளவே செடிகளைக் கருக்கிவிடும்.

வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம் பழங்களைச் சேகரித்து, கொட்டைகளை நிழலில் உலர்த்தி வைக்கவும். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, சிறிது நீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். காலையில் துணியில் வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். பத்து நாட்களுக்கு ஒரு முறை தெளித்தால் அசுவினியும் இலை தின்னும் புழுக்களும் கட்டுப்படும். பூச்சி அரித்த காய்களைப் பறித்து அழிப்பதும் அவசியம்.

புதிதாகத் தொடங்குவோர் முதல் ஆண்டில் ஐந்து சென்ட்டிலும் இறங்க வேண்டியதில்லை. இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மூன்று கீரைப் பாத்தி, நான்கு மல்லிகை ஆகியவற்றுடன் தொடங்கி, ஒரு கோடையில் கையிருப்பு நீர் எவ்வளவு என்று பார்த்து, அடுத்த ஆடியில் தோட்டத்தை விரிவுபடுத்தலாம்.